வேலை கேள்வி கேட்கட்டும், படிப்பு பதில் சொல்லட்டும்

பழைய நூல்களையும் சுவடிகளையும் கணினியில் ஏற்றிக் காக்கும் தொழிலுக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "முதலில் படித்து முடிக்கட்டுமா, கிடைத்த வேலையில் சேரட்டுமா?" இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள் என்பேன். வீட்டுக் கஷ்டத்தை மட்டும் நினைத்து இதைச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் கேள்வியைக் கொண்டுவந்து போடுவது வேலை. அதற்கு விடை தருவது படிப்பு.

ஸ்கேன் எடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாடகப் புத்தகம் மேசைக்கு வருகிறது. தாள் பழுத்து, ஓரம் தொட்டாலே உதிர்கிறது. முகப்பில் 'குரோதி வருடம் ஆவணி மாதம்' என்று இருக்கிறது. ஆங்கில வருடம் இல்லை. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1844, 1904, 1964 மூன்றும் குரோதிதான். எதைப் பதிவீர்கள்? விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1964-ஐத் தள்ளிவிடலாம். 1957-லேயே நயா பைசா வந்துவிட்டது. மிச்சம் இரண்டு. அச்சகத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அங்கே அச்சான மற்ற நூல்களில் ஆங்கில வருடம் உள்ளவற்றைத் தேடினால் பெரும்பாலும் முடிச்சு அவிழும்.

நூலகவியல் பாடத்தில் 'டப்ளின் கோர்' என்று 15 பதிவுக்கூறுகள் வரும்: தலைப்பு, ஆக்கியோன், காலம் என்று நீளும் பட்டியல். வகுப்பில் மட்டும் படித்தவருக்கு அது மனப்பாடப் பகுதி. அந்த நாடகப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவருக்கோ, 'காலம்' என்ற ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்ப எவ்வளவு உழைக்க வேண்டும் என்று தெரியும். அங்கே பிசகினால், படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஆராய்ச்சியாளர் அறுபது ஆண்டு தள்ளிப் போய் நிற்பார்.

மற்ற வேலைகளும் இப்படித்தான். காப்புப் படியை டிஃப் கோப்பாகவும் வாசகருக்கான படியை பிடிஎஃப் ஆகவும் ஏன் தனித்தனியே வைக்கிறோம்? ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எண் எதற்கு? கோப்பில் ஒரு பிட் கெட்டாலும் அந்த எண் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று பிரதிகளில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது ஏன்? மேலாளர் சொன்னார் என்று செய்பவர் கடைசிவரை ஸ்கேனர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். காரணம் தெரிந்து செய்பவரிடம்தான் நாளை ஒரு சேகரிப்பையே நம்பி ஒப்படைப்பார்கள்.

வழிகள் இருக்கின்றன. வேலையை விடாமலே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியாக நூலகவியலில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் படிக்கலாம். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் பள்ளியில் ஓராண்டுப் பட்டயப் படிப்போடு குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளும் உண்டு. வேலை இன்னும் கிடைக்கவில்லையா? தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பாருங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் பணிக்காக 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் இலங்கைத் தமிழர் தொடங்கிய நூலகம் திட்டமும் இதுபோலவே தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்தவை. அங்கே பழகிய கை எந்த நேர்முகத் தேர்விலும் பேசும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். அந்தப் பிழைப்போடு பிழைப்பாக அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. சோறு போடும் தொழிலும் மனம் தேடும் அறிவும் ஒரே ஆளிடம் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

மூன்று காரியம் செய்யுங்கள். வேலையில் சேரும்போதே தேர்வுத் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். மறைத்துப் பிறகு விடுப்புக் கேட்டு நிற்காதீர்கள். முதல் சம்பளத்திலிருந்தே படிப்புக் கட்டணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். பகலில் எழுந்த சந்தேகத்தை அன்றே நோட்டில் குறித்து, ஞாயிற்றுக்கிழமை பாடத்தில் அதற்கு விடை தேடுங்கள். உடம்பு அசந்துபோகும், சம்பளமும் ஆரம்பத்தில் குறைவுதான். ஆனால் நீங்கள் சரியாகப் பதிந்த ஒரு நூலை, உங்கள் பேரப்பிள்ளைகள் வயதில் இருக்கும் யாரோ ஒருவர் தேடி எடுத்துப் படிப்பார். அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் உழைக்கலாம், பிள்ளைகளே.