மூத்த ஆட்டக்காரரும் கழகத்தின் கடனும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று சில நாள் மயங்கினோம். கல்லூரியின் பழம் பெருமையையும் ஆசிரியப் பெருமக்களின் அருந்தொண்டையும் எடுத்துரைக்க நம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆதலின், வகுப்பறையை அவர்களுக்கு விட்டு, நாம் மைதானத்தைத் தெரிந்துகொண்டோம். வகுப்பறையிற் கற்றவற்றுட் பல மறந்துபோயின; மைதானத்திற் கற்றவை இன்றும் நெஞ்சில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை நாம் காலங்கடந்தே கற்றோம்.

கல்லூரியை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்தபின், ஊர் உதைபந்தாட்டக் கழகமொன்றின் தெரிவுக் குழுவில் நாம் இடம்பெற்றிருந்தோம். அக்கழகத்திற் பதினெட்டு ஆண்டுகளாகப் பின்காவலராக ஆடிவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். கழகத்திற்குப் பந்து வாங்கப் பணமில்லாத நாளிற் கிழிந்த பந்தைத் தம் கையாலே தைத்துக் கொடுத்தவர். கோல் கம்பங்களுக்குப் பனைமரம் தறித்துச் சுமந்து வந்தவர். ஆயினும், அப்பருவத்தில் அவர் கால்கள் தளர்ந்துவிட்டன. எதிரணியின் இளைஞர் அவரைத் தாண்டி ஓடுவதை எல்லோரும் கண்டோம். ஒருநாள் மாலை குழு கூடியது. அரைமணி நேரத்தில் அவர் பெயர் நீக்கப்பட்டு, கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியேறிய இளைஞன் ஒருவனின் பெயர் சேர்க்கப்பட்டது. மறுநாட் காலை பட்டியலை அறிவித்தற் பலகையில் ஒட்டியவர்கள் நாமே. தம் பெயர் இல்லாமையை அவர் அங்கு வந்தே அறிந்தார்.

நாம் செய்தது சரியோ, பிழையோ? இவ்வினா நம்மை நெடுநாள் வருத்தியது. நம் கழகம் சிறியது. ஆனால் உலகப் புகழ் பெற்ற கழகங்களும் இதே வினாவின் முன் தடுமாறியுள்ளன என்பதைப் பின்னர் அறிந்தோம்.

இங்கிலாந்தின் ஸ்ரான்லி மத்தியூஸ் 1932ஆம் ஆண்டிலே, தமது 17ஆவது வயதில், ஸ்ரோக் சிற்றிக் கழகத்திற்கு முதன்முதலாக ஆடினார். வலப்புற ஓரத்தில் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு சென்று, எதிர்த்து வருபவரை ஏமாற்றி அப்பாற் செல்வதில் அவருக்கு நிகர் எவருமிலர். 1947இல், அவருக்கு 32 வயதானபோது, ஸ்ரோக் கழகம் அவரைப் பிளாக்பூலுக்கு 11,500 பவுணுக்குக் கொடுத்துவிட்டது. அவ்வயதில் ஒருவரின் சிறந்த காலம் முடிந்தது என்று கருதுவது இயல்பே. அவரோ பிளாக்பூலிற் பதினான்கு ஆண்டுகள் ஆடினார். 1953ஆம் ஆண்டுக் கிண்ண இறுதியாட்டத்தில், 3-1 எனப் பின்தங்கியிருந்த அணி 4-3 என வென்றது. மூன்று கோல்களைப் போட்டவர் மோட்டன்சன். எனினும் மக்கள் அதனை மத்தியூஸின் இறுதியாட்டம் என்றே வழங்கலாயினர். அப்போது அவருக்கு வயது 38. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய பொற்பந்து விருது 1956இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவரும் அவரே.

1961இல் ஸ்ரோக் கழகம் இரண்டாம் பிரிவிலே நலிந்து கிடந்தது. அதன் முகாமையாளர் ரோனி வாடிங்ரன், 46 வயது மத்தியூஸை மீண்டும் அழைத்தார். அதற்கு முந்திய சொந்த மைதான ஆட்டத்தைக் கண்டோர் 8,409 பேர். அவர் திரும்பிவந்த நாளிற் கூடியோர் 35,974 பேர். கூட்டம் சேர்க்கவே கிழவரை அழைத்தனர் என்று கூறுவோர் இருக்கலாம். ஆனால் 1963இல் அக்கழகம் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலேறியது. அவ்வேற்றத்தை உறுதிசெய்த ஆட்டத்தில், லூற்றன் கழகத்துக்கு எதிராக, அவரும் ஒரு கோல் போட்டார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற மதிப்பும் அவ்வாண்டு அவருக்குக் கிடைத்தது. 1965ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள், 50 வயது நிரம்பி ஐந்து நாள் கழிந்தபின், முதற் பிரிவிலே தமது கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தார். மதுவும் புகையும் தொடாமை, நாள்தோறும் தவறாத காலைப் பயிற்சி ஆகிய இரண்டுமே அவரது முதலீடு. இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஸ்ரோக் கழகம் அவரை நன்றிக்காக மட்டும் வைத்திருக்கவில்லை. அவர் ஆடக்கூடியவராக இருந்தார், ஆதலின் வைத்திருந்தது. வயதை எண்ணாமல் ஆட்டத்தை எண்ணியது.

இனி, உரோம நகரத்துப் பிரான்செஸ்கோ தொத்தியின் கதையைக் காண்போம். 1993இல், 16 வயதிலே ரோமா அணிக்கு ஆடத் தொடங்கிய அவர், வேறெந்தக் கழகத்திற்கும் செல்லாமல் 786 ஆட்டங்களில் 307 கோல்களைப் போட்டார். 2016ஆம் ஆண்டில், 39 வயதானபோது, பயிற்றுநர் ஸ்பலெற்றி அவரைப் பெரும்பாலும் வெளியே இருத்தினார். தமக்குரிய மதிப்பு அளிக்கப்படவில்லை எனத் தொத்தி வெளிப்படையாகக் கூறவே, பயிற்றுநர் அவரை அணியின் முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நகரமே இரண்டுபட்டது. அதே ஆண்டு ஏப்ரிலில், தொரினோ அணிக்கு எதிராக 2-1 எனத் தோற்றுக்கொண்டிருந்த வேளையில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் அவர் களமிறக்கப்பட்டார். இறங்கிய அரை நிமிடத்துள் ஒரு கோல், பின்னர்த் தண்ட உதையால் மற்றொரு கோல். ரோமா 3-2 என வென்றது.

இதனைக் கேட்ட மாத்திரத்தே பயிற்றுநர் பிழைத்தார் என்று தீர்ப்புக் கூற மனம் விரைகின்றது. ஆனால் ஓர் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களிற் செய்யக்கூடியதை ஒருவர் தொண்ணூறு நிமிடமும் செய்யவியலுமென்று கொள்ளுதல் தகாது. அதன்பின் ஒப்பந்தம் ஓராண்டுக்கு நீட்டப்பட்டது. அவர் பெரும்பாலும் மாற்று வீரராகவே இருந்தார். அணியோ அவ்வாண்டு இத்தாலியில் இரண்டாமிடம் பெற்றது. 2017 மே 28ஆம் நாள், 40 வயதில், அவர் விடைபெற்றார். எதிர்காலத்தை எண்ண அச்சமாக இருக்கிறதென்று மக்கள் முன்னிலையில் ஒளிவின்றிக் கூறினார். பின்னர்க் கழகத்தில் ஒரு பதவி அளிக்கப்பட்டது. தமக்கு அங்கே உண்மையான பணி எதுவும் தரப்படவில்லை எனக் குறைகூறி, 2019இல் அதனையும் விட்டு நீங்கினார்.

உடலின் இயல்பை எவராலும் மறுக்கவியலாது. முப்பதைக் கடந்தபின் ஓட்டத்தின் விரைவு குறைகின்றது. பட்ட காயம் ஆறுதற்குக் காலம் நீள்கின்றது. அதே வேளையில், பந்து எங்கே வரும் என்று முன்னுணரும் கண்ணும் பதறாத மனமும் வயதோடு முதிர்கின்றன. ஓட்டம் குறைந்த கோல் காவலருக்கு இது பெரிதும் பொருந்தும். 1982இல் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்றபோது அணித்தலைவரான டினோ சோவ் 40 வயதுடைய கோல் காவலரே. ஆகவே, எல்லோருக்கும் ஒரே வயதெல்லை வகுத்தல் அறியாமை. மறுபுறம், ஒருவர் விடாது பற்றிநிற்கும் இடம் வேறோர் இளைஞனுக்குச் சாத்தப்பட்ட கதவாகும். மூத்தவர் ஒருவரிடம் நாம் காட்டும் இரக்கத்தின் விலையைப் பெயர் வெளிவராத இளையவர் ஒருவர் கொடுத்துவிடக் கூடும்.

வள்ளுவப் பெருந்தகை அறத்துப்பாலிலே ‘செய்ந்நன்றியறிதல்’ என ஓர் அதிகாரமும், பொருட்பாலிலே ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோர் அதிகாரமும் வைத்தார். இரண்டும் ஒரே நூலுள்ளே இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. நாம் செய்யும் பிழை, இரண்டையும் குழப்புவதே. களத்தில் இறங்கும் பதினொருவரைத் தெரியும்போது நன்றியை நோக்குதல் தகாது. அங்கே ஆற்றல் ஒன்றே அளவை. கழகத்தில் ஒருவருக்குரிய இடத்தை எண்ணும்போது ஆற்றலை மட்டும் நோக்குதல் தகாது. அங்கே அவர் தொண்டே அளவை. களத்திலிருந்து நீங்குபவர் கழகத்திலிருந்து நீங்கவேண்டியதில்லை. இளையோரைப் பயிற்றவும் அணியைத் தெரியவும் அவருக்கு இடமுண்டு. ஆனால் அவ்விடம் பெயரளவிலான நாற்காலியாக இருத்தலாகாது. செய்வதற்குப் பணியும், சொல்வதற்குச் செவியும் அதனோடு கொடுபடல் வேண்டும்.

நம் ஊர்ப் பெரியவரின் கதையை இன்னும் முடிக்கவில்லை. பலகையைப் பார்த்த அன்று அவர் ஒன்றும் பேசாமற் சென்றார். அதன்பின் மைதானத்திற்கு வரவேயில்லை. அவர் இடத்தைப் பெற்ற இளைஞன் நன்றாகவே ஓடினான். ஆனால் எங்கே நிற்பது, எப்போது முன்னேறுவது என்பதைச் சொல்லிக்கொடுக்க அருகில் எவருமிலர். அப்பருவத்தில் நாம் வாங்கிய கோல்கள் முன்னையினும் குறையவில்லை. சில ஆண்டுகளின் பின் கோயில் வீதியில் அவரைக் கண்டோம். துணிந்து அருகிற் சென்று, அன்று நேர்ந்ததற்கு வருந்துவதாகக் கூறினோம். அவர் நம் தோளிற் கைவைத்து, “தம்பி, என் கால் தளர்ந்தது எனக்குத் தெரியாதா? என்னை எடுத்தது பிழையில்லை. படலைக்கு வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம், அந்தப் பொடியனை நானே கூட்டிவந்து பழக்கியிருப்பேன்” என்றார்.

தெரிவுக் குழுவின் முடிவு சரியென்றே இன்றும் கருதுகின்றோம். ஆனால் அவர் வீட்டுக்கு நடந்து செல்லக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தை நாம் செலவிடவில்லை. அச்சமே காரணம், வேறொன்றுமில்லை.

இப்பொழுது நமக்கும் வயது ஏறிவிட்டது. சங்கக் கூட்டங்களில் இளைஞர் நம் கருத்தைப் பொறுமையோடு கேட்டு, பின்னர்த் தாம் எண்ணியவாறே செய்கின்றனர். அதில் நமக்குக் குறையில்லை. இன்று மைதானத்திலே ஓடும் மாணவச் செல்வர்கள் நாளை குழுக்களில் அமர்வர். பட்டியல்களிலிருந்து பெயர்களை நீக்கவும் நேரும். நீக்கவேண்டியவிடத்து நீக்குக. ஆனால் பலகையில் ஒட்டுமுன் படலை வரை சென்று வருக.