செடிக்கு வாயு, மீனுக்கு மூச்சு

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அந்தப் பரிசோதனை நினைவிருக்கும். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், அதில் வேலம்பாசி, மேலே கவிழ்த்த புனல், புனலின் உச்சியில் சோதனைக் குழாய். வெயிலில் வைத்தால் குமிழிகள் கிளம்பும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால் குமிழிகள் வேகமெடுக்கும். ஆக்சிஜன் வெளிவருகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் பலர், சோடா எதற்கு என்பதை மறந்துவிட்டார்கள். வீட்டு மீன் தொட்டியில் நட்ட செடி ஒரு மாதமாகியும் துளிர் விடாமல் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி திரும்ப வருகிறது.

நீருக்குள் வாழும் செடிக்குப் பெரும் பஞ்சம் கார்பன். செடியின் காய்ந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் அதுதான். நிலத்துச் செடி காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தொட்டி நீரிலோ, காற்றிலிருந்து கரைந்து சேரும் கரியமில வாயு லிட்டருக்கு அரை மில்லிகிராமைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். போதாதென்று, நீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குளத்தில் அடிச்சேறு மட்கி வாயுவைத் தந்துகொண்டே இருக்கும். கடையில் வாங்கிக் கழுவிப் போட்ட கூழாங்கல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

செடிகளே பிரதானமான மீன் தொட்டி என்ற மோகத்தை உலகெங்கும் பரப்பியவர் ஜப்பானியரான தகாஷி அமானோ (1954-2015). ஒரு காலத்தில் சைக்கிள் பந்தய வீரர், பிறகு புகைப்படக் கலைஞர். அவருடைய தொட்டிகளின் படங்களைப் பார்த்துவிட்டு கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ சென்னை கொளத்தூரிலோ செடி வாங்கி வருகிறவர்கள் முதலில் செய்வது விளக்கை அதிகமாக்குவது. வெளிச்சம் கூடி, கார்பன் கூடாவிட்டால் செடி திணறி நிற்கும். கண்ணாடியிலும் இலையிலும் பாசி படரும்.

எல்லாச் செடிக்கும் வாயு கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. வேலம்பாசியும் வாலிஸ்னேரியாவும் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் இவை செழிப்பாக வளர்வது அதனால்தான். அதற்காகத் தொட்டியில் சமையல் சோடாவைக் கொட்டுவது மடத்தனம்; காரத்தன்மை ஏறி மீனுக்குக் கேடு. அனுபியாஸ், ஜாவா பெரணி போன்றவை மங்கிய ஒளியில் நிதானமாக வளர்கிறவை. புல்தரை போலப் படரும் குட்டிச் செடிகளும் சிவப்பு இலைச் செடிகளும்தான் பெரும்பாலும் கூடுதல் கார்பன் கேட்கின்றன. கடைக்காரர்கள் ஆசையோடு நீட்டுவதும் அவற்றைத்தான்.

மலிவான வழி ஈஸ்ட். பிளாஸ்டிக் பாட்டிலில் சர்க்கரை, வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் ஈஸ்ட். மூடியில் துளையிட்டு ஒரு குழாய். கள் புளிப்பதும் இதே வேலைதான்: சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. சிக்கல், இதற்குக் கடிவாளம் இல்லை என்பது. டெல்லியின் ஜனவரியில் தூங்கிவிடும். மே மாதத்தில் பொங்கிப் பாயும். சிட்ரிக் அமிலத்தையும் சமையல் சோடாவையும் கலந்து வாயு தயாரிக்கும் வால்வு வைத்த பாட்டில்கள் இதைவிடச் சொன்னபடி கேட்கும்.

வசதி உள்ளவர்கள் சிலிண்டருக்குப் போகிறார்கள். அதற்குள் கரியமில வாயு பெரும் அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. உள்ளழுத்தம் கிடுகிடுவென ஏறும். குளிர்நாட்டுக் கையேடுகள் இதைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. நாக்பூரின் கோடையில் வீட்டுக்குள்ளேயே அந்த வெப்பம் சாதாரணம். சிலிண்டரில் பொறித்த அளவுக்கு மேல் நிரப்பச் சொல்வதும் வெயில் படும் பால்கனியில் வைப்பதும் விபரீதம்.

‘திரவ கார்பன்’ என்று பாட்டிலில் விற்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் ரசாயனம். பாசியைக் கொல்கிறது என்பது உண்மை. வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடக்கூடும். கரியமில வாயுவுக்கு அதை மாற்று என்று சொல்வது விளம்பரம்.

செடிக்குச் செய்யும் இந்த உபசாரத்துக்கு விலை கொடுப்பது மீன். மீனின் ரத்தத்தில் சேரும் கரியமில வாயு செவுள் வழியாக நீரில் வெளியேற வேண்டும். நீரிலேயே அது மிகுந்திருந்தால் வெளியேற வழியில்லை. ரத்தம் அமிலமாகிறது, ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் திறன் குறைகிறது. நீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது இப்படித்தான். ‘மிஸ் கேரளா’ என்று செல்லமாக அழைக்கப்படும் டெனிசன் பார்ப், மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளுக்குப் பழகியது. அழிவின் அபாயத்தில் உள்ள இனமும் கூட. அதை வைத்திருப்பவர்கள் இரட்டிப்புக் கவனத்துடன் இருக்க வேண்டும்.

ஆபத்து இருட்டில்தான் அதிகம். விளக்கு அணைந்தால் செடி கரியமில வாயுவை வாங்காது. தானும் மூச்சுவிட்டு அதைக் கூட்டும். இரவில் மின்சாரம் போனால் காற்று பம்ப்பும் நின்றுவிடும். ஈஸ்ட் பாட்டில் மட்டும் ஓயாது. சிலிண்டரில் சோலனாய்டு வால்வு இருந்தால் மின்சாரம் போனதும் தானே மூடிக்கொள்ளும். அந்தச் செலவில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் என்பது பலர் குறி வைக்கும் அளவு. தொட்டிக்குள் தொங்கவிடும் சிறு கண்ணாடிக் குமிழில் உள்ள சாயம் நீலமானால் வாயு குறைவு, பச்சையானால் சரி, மஞ்சளானால் மிகை. ஆனால் நிறம் மாற ஓரிரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கிவிடலாம். அப்போது வாயுவை நிறுத்தி, காற்று பம்ப்பைப் போட்டு, தண்ணீரில் பாதியை மாற்ற வேண்டும். முதல் முறை வாயு திறப்பவர்கள் விடுமுறை நாளின் காலையில், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் தொட்டியின் முன் நாற்காலி போட்டு உட்காருவது நல்லது.