அவர் கேட்ட கேள்விகள்

2022 பங்குனிக் கடைசி. மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டிருந்த காலம். பிள்ளைகளை முற்றத்துப் பாயில் படுக்கவைத்து, நுளம்புக்கு வேப்பிலைப் புகை போட்டுவிட்டு நானும் கணவரும் திண்ணையில் இருந்தோம். 'உங்கள் துணையிடம் கேளுங்கள்' என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் கைத்தொலைபேசிக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியிருந்தார்.

"இஞ்சாரும், பற்றரி முடியிறதுக்குள்ள எல்லாத்துக்கும் பதில் சொல்லவேணும்" என்று தொடங்கினார். "உமக்குப் பிடிச்ச பாட்டுக்காரர் ஆர்?"

"எஸ்.ஜானகி" என்றேன், யோசிக்காமலே.

பொருளாதாரத் தடைக் காலம் அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. எனக்கு ஐந்து ஆறு வயதிருக்கும். அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். அவருடைய கை களைக்கக் களைக்க ஜானகியின் குரலும் மெலிந்துகொண்டே போகும்.

"அப்ப உமக்குப் பிடிச்சது ஜானகி இல்லை, மாமாதான்" என்று சிரித்தார்.

அடுத்து, பிடித்த படம். 'மௌன ராகம்' என்றேன். 1986இல் வந்த படம். நான் பார்த்தது 2002இல், ஏ9 பாதை திறந்த பிறகு, அயல் வீட்டுத் தொலைக்காட்சியில்.

"கார்த்திக்கோ, மோகனோ?"

"மோகன்."

அவருக்கு முகமெல்லாம் பெருமை. "என்னைப் போல அமைதியான ஆள் எண்டபடியால்தானே?"

நான் அதற்காகச் சொல்லவில்லை. கல்யாணம் முடித்துக் கூட்டிவந்தவளிடம் என்ன வேண்டும் என்று அந்த மனிதர் கேட்கிறார். அவள் விவாகரத்து என்கிறாள். கேட்டதற்காக அவளை அவர் ஏசவில்லை, அடிக்கவில்லை, வழக்கறிஞரிடம் கூட்டிப்போகிறார். சமூகவியல் படித்தவள் படத்தையும் விடமாட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நான் வேலைக்காக ஏறியிறங்கும் வீடுகளில் அப்படிக் கேட்கப்பட்ட பெண்கள் மிகக் குறைவு. நாங்களும் கேட்பதில்லை. எங்கள் படிவத்தில் குடும்ப அங்கத்தவர் தொகை, வருமானம், கடன் எல்லாம் இருக்கிறது. 'உங்களுக்கு என்ன பிடிக்கும்' என்பதற்குக் கட்டம் இல்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் ஒரு தாயிடம் கேட்டேன். "பிள்ளையளுக்குப் பிடிச்சதுதான்" என்று சொல்லி, வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தத் தாயை நினைத்து மனம் இரங்கியவள்தான் நான். அடுத்த கேள்வி 'பிடித்த சாப்பாடு' என்று வந்தது. "ஒடியல் கூழ்" என்றேன்.

"அது எனக்கெல்லோ பிடிச்சது. உமக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஆதர் ஆரனும் அவருடன் சேர்ந்தவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அறிமுகமற்ற இருவரை 36 கேள்விகளை 45 நிமிடம் மாறிமாறிக் கேட்கவைத்தார்கள். முதலில் இலேசான கேள்விகள், போகப்போக உள்ளே இறங்கும் கேள்விகள். ஊர்க்கதை கதைத்த சோடிகளைவிட இவர்கள் ஒருவரோடொருவர் அதிகம் நெருங்கினார்களாம். அறிமுகமற்றவர்களுக்கு அது. பத்து வருடமாக ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் கேட்டால் என்னவாகும் என்று அன்று தெரிந்தது.

"கடைசிக் கேள்வி. என்னில உள்ள ஆறாத கோபம் என்ன?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் விளையாட்டாகவே சொல்ல நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. மூத்தவனுக்கு இரண்டு வயதாயிருந்தபோது கொழும்பில் ஆறு மாத உளவளப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. கடிதத்தைக் காட்டினேன். "யோசிப்பம்" என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே திகதி முடிந்துவிட்டது.

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

"போ எண்டும் சொல்லேல்லை."

கைத்தொலைபேசி அணைந்துவிட்டது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தக் கடிதம் இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். அலுமாரியில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்குக் கீழே இருக்கிறது என்றேன். காலையில் எடுத்து வாசித்தார். மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தார். அந்தப் பயிற்சி போனது போனதுதான்.

இப்போது மாதச் சம்பளம் வந்ததும் சந்தைக்குப் போகமுன், "என்ன வாங்க?" என்று கேட்கிறார். "உங்களுக்கு விருப்பமானது" என்றால் விடமாட்டார், படலையடியிலேயே நிற்பார். போன கிழமை மரவள்ளிக்கிழங்கு என்றேன். பிடிக்குமா என்பது எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.