அக்கார்டியன் வாசித்தால் ஒயின் விற்குமா?

இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். மது வகைகள் வைத்திருக்கும் பகுதியில் நாலு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிரெஞ்சு ஒயின், ஒரு ஜெர்மன் ஒயின். விலையிலும் இனிப்பிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எது எந்த நாட்டுச் சரக்கு என்று தெரிய, பக்கத்திலேயே சின்னச் சின்னக் கொடிகள். மேல் தட்டில் ஒரு டேப் ரெக்கார்டர். ஒரு நாள் அதில் பிரெஞ்சு அக்கார்டியன் இசை ஓடும். மறுநாள் ஜெர்மனியின் பீர்க்கடைகளில் வாசிக்கிற பேண்டு இசை. இப்படியே மாற்றி மாற்றி இரண்டு வாரம். கண்ணுக்கு நேராக இருக்கும் பாட்டில்தான் அதிகம் விற்கும் என்று யாரும் குற்றம் சொல்லக்கூடாது என்பதற்காக, பாதியில் பாட்டில்களின் இடத்தையும் மாற்றி வைத்தார்கள்.

இதைச் செய்தவர்கள் கடைக்காரர்கள் அல்ல. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் நார்த், டேவிட் ஹார்கிரீவ்ஸ், ஜெனிஃபர் மெக்கென்ட்ரிக் என்ற மூன்று உளவியல்காரர்கள். 1997-இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது.

பிரெஞ்சு இசை ஓடிய நாட்களில் பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில் போயிருக்கிறது, ஜெர்மன் ஒயின் வெறும் 8. ஜெர்மன் இசை ஓடிய நாட்களில் கதை தலைகீழ்: ஜெர்மன் 22, பிரெஞ்சு 12.

சரி, பாட்டு போட்டால் விற்பனை ஏறும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. பாட்டிலோடு நகர்ந்தவர்களை நிறுத்தி, ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 44 பேர் நின்று பதில் சொன்னார்கள். அந்த இசை பிரான்சை நினைவூட்டுகிறதா, ஜெர்மனியை நினைவூட்டுகிறதா என்றால் சரியாகச் சொல்கிறார்கள். ஆக, காதில் விழாமல் இல்லை. ஆனால் "இசையால்தான் இந்த ஒயினை எடுத்தீர்களா?" என்று நேரடியாகக் கேட்டபோது ஆமாம் என்றவர்கள் 6 பேர். மற்றவர்களுக்கெல்லாம் அது அவரவர் சொந்த முடிவு!

வணிகவியல் வகுப்பில் முதல் வருடமே ஒரு மந்திரம் சொல்லித் தருவார்கள்: 'மற்றவை மாறாதிருக்க'. விலை குறைந்தால் தேவை கூடும், மற்றவை மாறாதிருக்க. வருமானம் கூடினால் தேவை கூடும், மற்றவை மாறாதிருக்க. இந்த 'மற்றவை' பட்டியலில் நுகர்வோரின் ரசனை என்று ஒரு வரி வரும். அந்த ரசனை எங்கோ உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, கடைக்கு வரும்போது அவர் அதைக் கையோடு கொண்டுவருகிறார் என்பதுதான் பாடப் புத்தகத்தின் நம்பிக்கை. லெஸ்டர்காரர்களின் டேப் ரெக்கார்டர் அந்த வரியில்தான் கை வைக்கிறது. விலை மாறவில்லை, சரக்கு மாறவில்லை, வருமானமும் மாறவில்லை. கேசட் மட்டும் மாறியது.

ஆனாலும் உடனே கையைத் தட்டிவிட வேண்டாம். கணக்கைக் கொஞ்சம் தணிக்கை செய்துதான் பார்க்கலாமே. மொத்தம் 82 பாட்டில். ஒரே கடை, இரண்டே வாரம். இசையே இல்லாத நாள் என்று ஒன்று அந்த ஆய்வில் இல்லை. ஆகவே பிரெஞ்சு இசை பிரெஞ்சு ஒயினை ஏற்றியதா, அல்லது ஜெர்மன் இசை அதை இறக்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, இரண்டு வகை நாட்களையும் சேர்த்துக் கூட்டினால் பிரெஞ்சு 52, ஜெர்மன் 30. அதாவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பிரெஞ்சு ஒயின் மீது ஏற்கெனவே ஒரு சாய்வு இருந்திருக்க வேண்டும். பேண்டு இசை அந்தச் சாய்வையும் மீறி ஆட்களை இந்தப் பக்கம் இழுத்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

கடையில் பாட்டு போட்டு ஆளை அளக்கிற வேலை இவர்களோடு தொடங்கியதும் அல்ல. அமெரிக்காவில் ரொனால்ட் மில்லிமன் 1982-இலேயே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் செய்து பார்த்தார். அவர் மாற்றியது தாள வேகத்தை. சில நாட்களில் நிமிடத்துக்கு 72 தட்டு அல்லது அதற்கும் குறைவான மெதுவான இசை, சில நாட்களில் 94-க்கு மேல் வேக இசை, சில நாட்களில் ஒன்றுமே இல்லை. (பார்த்தீர்களா, இவர் மௌன நாளை மறக்கவில்லை!) மெதுவான இசையில் ஜனங்கள் நிதானமாக நடந்தார்கள், வேக இசையில் விறுவிறுவென்று போனார்கள். தள்ளுவண்டியோடு மெதுவாகப் போகிறவர் கண்ணில் அதிகப் பொருள் படும், அவ்வளவுதான் சூட்சுமம். வேக இசை நாட்களைவிட மெதுவான இசை நாட்களில் விற்பனை 38.2% அதிகம்.

இந்த 38.2 என்ற எண் இன்றைக்கும் கடைகளுக்கு இசை விற்கிற ஆசாமிகளின் விளம்பரங்களில் சுற்றி வருகிறது. ஆனால் எதைவிட அதிகம் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். மௌனத்தைவிட அல்ல, வேக இசையைவிட. ஒப்பிட எடுத்த அடிப்படை ஆண்டைச் சொல்லாமல் வளர்ச்சி விகிதம் மட்டும் சொல்கிற மாதிரிதான் இது.

மில்லிமன் அடுத்து 1986-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். இந்த முறை ஓர் உணவகம். மெதுவான இசை ஓடிய இரவுகளில் ஒரு மேஜைக்காரர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கச் சராசரியாக 56 நிமிடம். வேக இசையில் 45. சாப்பாட்டுச் செலவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பின்னே அந்த 11 நிமிடம் என்ன செய்தார்கள்? குடித்தார்கள். :-) ஒரு மேஜைக்கு மதுவுக்கான பில் சுமார் 30 டாலர், வேக இசையில் சுமார் 22 டாலர். மதுவில்தான் லாப விகிதம் அதிகம் என்பது முதலாளிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வாசலில் காத்திருப்பவர்களும் 35 நிமிடத்துக்குப் பதில் 47 நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. ஆக, கூட்டம் வழிகிற சனிக்கிழமைக்கு ஒரு பாட்டு, ஈ ஓட்டுகிற செவ்வாய்க்கிழமைக்கு வேறொரு பாட்டு என்று முதலாளி யோசிக்க ஆரம்பித்துவிடுவார். இசையைக் கேட்பதற்கு என்றே உண்டாக்கிய காலம் போய், நாற்காலியைக் காலி செய்ய உண்டாக்குகிற காலம்!

எல்லா ஆய்விலும் இப்படிப் பெரிய எண் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னணி இசை பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2006-இல் வந்தது. ஃபிரான்சின் கார்லின், கேத்தரின் ஓவன் என்ற இருவர் எழுதியது. தாக்கம் இருக்கிறது, ஆனால் சிறியதிலிருந்து மிதமானது வரைதான் என்பது அதன் சாரம். இது மந்திரக்கோல் இல்லை, தராசுத் தட்டில் வைத்த விரல். வாங்கியே தீருவேன், வாங்கவே மாட்டேன் என்று வருகிறவரை அது அசைக்காது. இதுவா அதுவா என்று நிற்பவரைத்தான் அசைக்கும். ஒயின் விஷயம் தெரியாமல் அலமாரி முன்னால் திருதிருவென்று விழிக்கிறவர்தான் அக்கார்டியனுக்குச் சரியான ஆள்.

தேர்வோடு நின்றால் பரவாயில்லை, நாக்கு வரைக்கும் போகிறது. அதே ஏட்ரியன் நார்த் எடின்பரோவில் 250 பேருக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்து ஒரு சோதனை நடத்தினார். 2012-இல் அச்சானது. சிலருக்குக் கனமான, முரட்டு இசை. சிலருக்கு நளினமானது, சிலருக்குத் துள்ளலானது, சிலருக்கு மென்மையானது. ஒரு குழுவுக்கு இசையே இல்லை. ஒயின் எப்படி இருந்தது என்று கேட்டால், எந்த இசை ஓடியதோ அந்தக் குணத்தையே ஒயினுக்கும் சொல்கிறார்கள். முரட்டு இசை கேட்டவர்களுக்கு ஒயின் கனமாக, முரட்டுத்தனமாக இருந்ததாம்.

எடையில் விரல் வைத்தால் சட்டம் இருக்கிறது. முத்திரை குத்தாத படிக்கல்லுக்கு அபராதம் இருக்கிறது. பொய் விளம்பரம் செய்தால் வழக்குப் போடலாம். இங்கே யாரும் பொய் சொல்லவில்லையே! பாட்டில் மேல் ஒட்டிய சீட்டு உண்மை, விலை உண்மை, இசையும் நல்ல இசைதான். நுகர்வோர் பாதுகாப்பு என்ற தாளை எழுதுகிற மாணவன் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவான்? 'இங்கே ஓடும் இசை உங்கள் தேர்வை மாற்றலாம்' என்று கடை வாசலில் பலகை மாட்டச் சொல்லலாம்தான். ஆனால் மாட்டினால், படிக்கிற ஒவ்வொருவரும் அது பக்கத்தில் நிற்கிறவருக்கான எச்சரிக்கை என்றே நினைத்துக்கொள்வார்.

அந்த 44 பேரில் யாரும் கேட்காமல் தானாகவே இசையைக் காரணமாகச் சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் வேறு வேறு காரணங்கள் சொல்லிவிட்டு, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒயின் என்னவோ நன்றாகத்தான் இருந்திருக்கும்.