இடைவேளையில் நிற்கும் படம்

பிளேயர் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் பட்ஜெட்டை முதலில் கேட்பதில்லை. வீட்டில் என்னென்ன டிஸ்க் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன். மதுரையில் 5.1 ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் வூஃபர் எத்தனை இன்ச், ஸ்பீக்கரை எங்கே மாட்டுவது, பாக்ஸுக்கு எந்தப் பலகை என்றெல்லாம் மாதக்கணக்கில் யோசித்து வைத்திருப்பார்கள். கையில் மிஞ்சுகிற காசுக்குத்தான் பிளேயர். அதில் தவறில்லை. காது கேட்பது ஸ்பீக்கரைத்தான், காசின் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும். ஆனால் மிஞ்சிய காசை, முகப்பில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்களைப் பார்த்துச் செலவழிக்கிறார்களே, அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். பிளேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அலமாரியில் இருக்கிற டிஸ்க்குகள்.

நம் வீடுகளின் அலமாரி ஒரே மாதிரியானதல்ல. 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க வந்தபோது, மளிகைக் கடையில்கூடப் படம் வாங்க முடிந்தது. அந்த விசிடிகள் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பக்கத்திலேயே லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த டிடிஎஸ் டிவிடிகள் இருக்கும். அடியில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிஸ்க்குகள். இந்த மூன்றும் லென்ஸிடம் மூன்று விதமான வேலை கேட்கின்றன.

லென்ஸ் என்று கடைகளில் நாங்கள் சொல்வது, கண்ணாடியும் லேசரும் சுருளும் சேர்ந்த அந்த முழுப் பகுதியை. டிவிடி பிளேயரின் லென்ஸுக்குள் சாதாரணமாக இரண்டு லேசர் உண்டு. டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒன்று. சிடி, விசிடி படிக்க 780 நானோமீட்டரில் இன்னொன்று. எழுதக்கூடிய சிடியில் பூசியிருக்கும் சாயம் 650இல் ஒளியைச் சரியாகத் திருப்பித் தராது, அதனால்தான் இரண்டாவது லேசர் தேவைப்படுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் தளர்வதில்லை. "அண்ணே, டிவிடி நல்லா ஓடுது, விசிடி போட்டா நோ டிஸ்க்னு வருது" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். விசிடி டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது. பழைய பிளேயர் வாங்கப் போகிறவர் விசிடியையும் டிவிடியையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

டிவிடியிலும் ஒற்றை அடுக்கு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை டிடிஎஸ் ஒலியோடு கெடாமல் கொடுக்க வேண்டுமென்றால் இரட்டை அடுக்கு வேண்டும். ஒற்றை அடுக்கு டிஸ்க் தன்மேல் விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதத்தைத் திருப்பித் தரும். இரட்டை அடுக்கில் 18 முதல் 30 சதவீதம்தான் திரும்பும். லேசர் கொஞ்சம் களைத்திருந்தாலும் முதல் வகை ஓடிவிடும், இரண்டாவது வகையில் திணறும். கடையில் போட்டுக் காட்டும் டிஸ்க் பெரும்பாலும் கீறல் இல்லாத ஒற்றை அடுக்கு டிஸ்க்தான். அது ஓடியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ரிப்பேருக்கு வருகிறவர்கள் சொல்வதில் நான் மிகவும் கவனிப்பது, படம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை. சிலர் "கிளைமாக்ஸ்ல சிக்குதுண்ணே" என்பார்கள். சிலர் "இடைவேளைக்கிட்ட வந்ததும் நின்னுடுது" என்பார்கள். கேட்கும்போது இரண்டும் வேறு வேறு கோளாறு போலத் தோன்றும். பார்த்தால், லென்ஸ் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. ஒற்றை அடுக்கில் படம் முடியும் இடம் டிஸ்க்கின் வெளி ஓரம், கிளைமாக்ஸ் அங்கேதான் இருக்கும். படம் பதிந்த இரட்டை அடுக்கு டிஸ்க்கில் லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படித்துப் போய், ஓரத்துக்குப் பக்கத்தில் இரண்டாம் அடுக்குக்குத் தாவி, அங்கிருந்து உள்ளே திரும்பி வருகிறது. தாவும் இடம் படத்தின் நடுப்பகுதி. நம் படங்களில் அது இடைவேளையை ஒட்டி வந்துவிடுகிறது. வெளி ஓரத்தில் டிஸ்க்கின் ஆட்டம் அதிகம், கைரேகையும் கீறலும் அதிகம். லென்ஸ் நகரும் தண்டவாளத்தின் கடைசிப் பகுதியில் கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். போதாக்குறைக்கு அடுக்கு மாறுவதும் அங்கேயே. ஆக, பிளேயரின் பலவீனம் முழுவதும் அந்த ஒரு இடத்தில் வெளிப்பட்டுவிடும்.

இது தெரிந்துவிட்டால் கடையில் எதைப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். உங்கள் வீட்டிலேயே மோசமான டிஸ்க்குகளை எடுத்துப் போங்கள். நிறைந்த ஒற்றை அடுக்கு டிவிடியைப் போட்டு நேராகக் கடைசிக் காட்சிக்குத் தாவுங்கள். இரட்டை அடுக்கில் இடைவேளையைத் தாண்டி ஓடவிடுங்கள். அடுக்கு மாறும்போது நொடிப் பொழுது படம் நின்று தொடர்வது பல பிளேயர்களின் இயல்புதான், அதற்காக ஒரு பிளேயரை ஒதுக்க வேண்டாம். கல்யாண டிஸ்க்கையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். மணமக்கள் படத்தைக் காகிதத்தில் அச்சடித்து டிஸ்க் முழுக்க ஒட்டிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காகிதம் வருடங்கள் போகப்போக இழுத்து டிஸ்க்கை வளைத்துவிடும். எழுதிய சாயமும் மங்கும். அதையே படிக்கிற பிளேயர் வேறு எதையும் படிக்கும். சோதனையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகுதான் சில கோளாறுகள் தலைகாட்டும்.

புதிதா, பழையதா என்ற கேள்விக்கு என் பதில், கைக்கு அடக்கமான விலையென்றால் நல்ல நிலையிலுள்ள பழையது என்பதே. புது மலிவு பிளேயர்களில் தகடு மெலிந்து, மின்சப்ளைப் பகுதி சுருங்கி, லோடர் லேசாகிவிட்டது. நல்ல பிளேயர் செய்தவர்களும் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். ஓப்போ 2018இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் புது மாடல் இனி இல்லை என்றது சாம்சங். பழையது வாங்கும்போது, உள்ளே இருப்பது பரவலாகக் கிடைக்கும் லென்ஸ்தானா என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற நம்பராக இருந்தால், பிளேயருக்கு இன்னொரு ஆயுள் உண்டு. அபூர்வ மாடல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் லென்ஸ் போனால் அதோடு முடிந்தது.

மூடியைத் திறந்து பார்க்க அனுமதித்தால் லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்னஞ்சிறு பிரிசெட்டைப் பாருங்கள். லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது அதுதான். களைத்த லேசரை விற்பதற்காக அதைத் திருகி ஏற்றிவிடுவது உண்டு. அப்படி ஏற்றினால் கடையில் எல்லாம் ஓடும், வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் லேசர் எரிந்துவிடும். அதன் முகத்தில் ஸ்குருடிரைவர் பட்ட தடம் இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். இளைய மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை: புது லென்ஸ் பலவும், நிலைமின்சாரம் தாக்காமல் இருக்க, லேசர் முனைகளை ஈயப் பொட்டு வைத்து இணைத்தபடிதான் வரும். மாட்டிய பிறகு அந்தப் பொட்டை எடுக்க வேண்டும். எடுக்காததால் நல்ல லென்ஸைச் செத்துப்போனதாக நினைத்துக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஒயர் விஷயம். நாங்கள் செய்து கொடுக்கும் ஆம்ப்ளியில் இரண்டு வகை. பின்பக்கம் ஆறு ஆர்சிஏ உள்ளீடு மட்டும் உள்ளது ஒன்று, உள்ளே டீகோடர் போர்டு வைத்தது இன்னொன்று. ஆறு உள்ளீடு மட்டுமென்றால் ஒலியைப் பிரித்துத் தரும் வேலை பிளேயருடையது. இங்கேதான் ஸ்டிக்கர் ஏமாற்றும். டிடிஎஸ் முத்திரைக்குக் கீழே 'டிஜிட்டல் அவுட்' என்று பொடி எழுத்தில் இருந்தால், அந்தப் பிளேயர் டிடிஎஸ்ஸைப் பிரிக்காது, அப்படியே வெளியே அனுப்பும் என்று மட்டுமே பொருள். ஆறு ஒயரையும் செருகி டிடிஎஸ் டிராக்கைத் தேர்ந்தெடுத்தால் ஊமைப்படம்தான் ஓடும். டால்பி டிராக்குக்கு மாற்றினால் சத்தம் வரும். ஆனால் டிவிடியில் டால்பிக்கு உச்சவரம்பு நொடிக்கு 448 கிலோபிட். டிடிஎஸ்ஸின் முழு அளவு 1,509. அந்த டிஸ்க்கைத் தேடி வாங்கியதே அந்த ஒலிக்காகத்தான். உங்கள் ஆம்ப்ளியில் டீகோடர் இருந்தால் இந்தக் கவலை இல்லை. கோஆக்சியலோ ஆப்டிகலோ உள்ள எந்தப் பிளேயரும் போதும்.

எச்டிஎம்ஐ வழியாக ஏவி ரிசீவருக்குப் போகும் அமைப்பென்றால் இன்னும் எளிது. பிளேயர் டிஸ்க்கில் உள்ள பிட்டுகளை அப்படியே கடத்துகிறது, ஒலியாக மாற்றுவது ரிசீவர். விலை குறைந்த பிளேயரும் விலை உயர்ந்த பிளேயரும் அங்கே ஒரே பிட்டுகளைத்தான் தருகின்றன. மிச்சமாகும் பணத்தைச் சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள் என்பேன். வசனம் அனேகமாக முழுவதும் அதன் வழியாகத்தான் வருகிறது. வசனம் புரியாமல் ரிமோட்டில் ஒலியை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிற வீடுகளில் குறை பிளேயரில் இருப்பதில்லை. பிளேயரை டிவியில் செருகி, அங்கிருந்து ஏஆர்சி வழியாக ரிசீவருக்குக் கொண்டுவருவதையும் தவிர்க்கலாம். பல டிவிகள் டிடிஎஸ்ஸைக் கடத்துவதில்லை.

புளூரே வாங்க முடிந்தால் வாங்குங்கள். 25 அல்லது 50 ஜிபி, 1080 வரிப் படம், குறையாத ஒலி. ஆனால் விசிடியைப் படிக்காத புளூரே பிளேயர்கள் நிறைய. பழைய டிவிடி பிளேயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்புறம் வருந்த வேண்டாம். ரீஜன் பிரச்சினையும் உண்டு. டிவிடியில் இந்தியா 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டனும் வளைகுடாவும் 2. மலிவு டிவிடி பிளேயர்கள் பல எல்லா ரீஜனையும் ஓட்டிவிடும். புளூரேயில் நாம் சி, சிங்கப்பூர் ஏ, பிரிட்டன் பி; அந்தப் பூட்டைத் திறப்பது கடினம். 2016இல் வந்த 4கே டிஸ்க்குக்கு ரீஜனே கிடையாது. அதற்கு டிவியிலும் ரிசீவரிலும் எச்டிசிபி 2.2 இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளின் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், அல்லது டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 இருந்தால் தனிப் பிளேயர் தேவையில்லை, இரண்டும் 4கே டிஸ்க் ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 புரோ ஓட்டாது.

புளூரே பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணம் பாட்டு. படம் நொடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுகிறது. பால் முறை டிவிடியில் அதையே 25 பிரேமாக ஓட்டுகிறார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். கேசட்டிலும் சிடியிலும் ஒரு பாட்டை நூறு தடவை கேட்ட காதுக்கு, அதே பாட்டு படத்தில் கொஞ்சம் மெலிந்து, அவசரமாக ஒலிப்பது தெரியும். எந்த விலை பிளேயர் வாங்கினாலும் இது சரியாகாது, டிஸ்க்கிலேயே அப்படிப் பதிந்திருக்கிறது. புளூரேயில் 24 பிரேம் 24 ஆகவே இருக்கிறது. பாடியவர் பாடிய சுருதியில் கேட்பது சின்ன விஷயமில்லை.

கடைசியாக ரிமோட். ஒரிஜினல் ரிமோட் இல்லாத பழைய பிளேயருக்கு நான் பாதி விலைகூடச் சொல்லமாட்டேன். முன்பக்கப் பட்டன்களில் செட்டப் மெனு வராது. அந்த மெனுவில்தான் எல்லாம் இருக்கிறது. டிஜிட்டல் அவுட் 'பிசிஎம்' என்று இருந்தால் டீகோடருக்கு இரண்டு சேனல்தான் போகும். 'ரா' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றினால்தான் ஆறும் கிடைக்கும். ஆறு ஒயர் கொடுத்தவர்கள் ஸ்பீக்கர் பக்கத்தில் 'டவுன்மிக்ஸ்' நிறுத்தப்பட்டிருக்கிறதா, வூஃபர் 'ஆன்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீகோடர் போர்டு கெட்டுவிட்டது என்று ஊர் விட்டு ஊர் தூக்கி வருகிறவர்களில் பலருக்கு நான் செய்து கொடுப்பது அந்த ஒரு மாற்றம்தான். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்து, அவர்களையே ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன்.