பெயரின் நீளம்

மகனுக்கோ மகளுக்கோ பிறந்த ஆண் மகவைத் தமிழில் பேரன் என்கிறோம். பெயரன் என்ற சொல்லே பேரன் என மருவியது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. உறவுமுறைச் சொல்லே ஒரு வழக்கத்தின் சாட்சியாக நிற்கிறது. பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் இடுவது என்ற வினா ஒரு காலத்தில் பல வீடுகளில் எழவேயில்லை. மறைந்தவரின் பெயர் பிறந்தவருக்குச் சென்றது. தலைமுறைகள் மாறின, பெயர்கள் மாறவில்லை.

இன்றைய நிலை வேறு. நாற்பது ஆண்டுகளுக்கு அண்மித்த காலம் வடபுலத்துப் பாடசாலைகளில் கற்பித்தவர்கள் என்ற முறையில், பழைய சேர்விடாப்புகளைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குப் பலமுறை கிட்டியது. மஞ்சளேறிய அத்தாள்களில் முதலில் வருபவர்கள் கந்தையாவும் நாகமுத்துவும் சின்னத்தம்பியும். அடுத்து வருபவர்கள் சிவகுமாரனும் இராஜேஸ்வரியும். பின்னர் இளங்கோவும் தமிழ்ச்செல்வியும். இறுதித் தாள்களில் ‘ஷ’வும் ‘ஜ’வும் கலந்து ஒலிக்கும், அகராதியில் பொருள் காணமுடியாத பெயர்கள். இம்மாற்றத்தைக் கண்டு பண்டிதர்கள் வருந்துகின்றனர்; இளைஞர்கள் நகைக்கின்றனர். வருந்துவதற்கும் நகைப்பதற்கும் முன்னர், மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்று கேட்பதே சமூகத்தை ஆராய்பவரின் கடமை.

அமெரிக்காவில் குழந்தைப் பெயர்களின் கணக்கை அரசே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அப்பட்டியல் 1880 வரை பின்னோக்கிச் செல்கிறது. அதன்படி, பெண் குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் மேரி 1946 வரை முதலிடத்தில் இருந்தது. 1947இல் லிண்டா அதனைக் கீழிறக்கியது. எந்தச் சட்டமும் ஆணையிடவில்லை. எந்தக் குருவும் போதிக்கவில்லை. இத்தகைய மாற்றங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்ரான்லி லீபர்சன், 2000ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், பெயர்களின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ரசனையின் உள்ளியக்கத்தாலேயே நிகழ்கிறது என்று வாதிட்டார். ஒரு பெயர் பரவப் பரவ அதன் புதுமை தேய்கிறது. புதுமை தேய்ந்ததும் பெற்றோர் வேறொன்றை நாடுகின்றனர். உடையைப் போலவே பெயருக்கும் காலமுண்டு.

ஆயின், யாழ்ப்பாணத்துச் சேர்விடாப்புகளை ரசனை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. இங்கே பெயருக்கு நீளம் என்றொரு அளவை இருந்தது. முருகன் ஒருவனே, ஆனால் அவன் பெயரைச் சூட்டும்போது ஒரு வீட்டில் கந்தப்பிள்ளை என்றும், இன்னொரு வீட்டில் கந்தசாமி என்றும், வேலிக்கு அப்பாலுள்ள குடிசையில் கந்தன் என்றும் சூட்டினர். வள்ளியம்மை ஓரிடத்தில், வள்ளி மற்றோரிடத்தில். பிள்ளை, சாமி, ஐயா, அம்மை என்னும் வால்கள் எல்லாருக்கும் பொதுவானவையல்ல. நிலத்துக்கு உறுதி இருந்ததுபோல் பெயருக்கும் எழுதப்படாத உறுதி இருந்தது. தாழ்த்தப்பட்டோர் இடுப்புக்கு மேலே துணி போர்த்தக்கூடாது, நாலுமுழத்தை முழங்காலுக்குக் கீழே விடக்கூடாது என்று விதித்த அதே கை, அவர்தம் பெயரையும் அளந்து நறுக்கியது.

இதனை நாம் ஏட்டில் மட்டும் படித்தறிந்தோமல்லோம். நாம் பிறந்தது 1949இல். எமக்குக் கந்தசாமி என்று பெயரிட எண்ணி, அப்பு பதிவுகாரரிடம் சென்றார். எழுதுகோலை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்து, “கந்தசாமி என்னத்துக்கடா? உங்களுக்குக் கந்தன் காணும்” என்றார். அப்பு, “ஓம் நயினார்” என்று தலையசைத்துத் திரும்பினார். அன்று எழுதப்பட்டதே இன்றுவரை எமது பெயர். பிற்காலத்தில் அதை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமிருந்தது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. எம் உறவினர் பலர் மாற்றிக்கொண்டனர். அவர்கள் செய்தது நியாயமே. நாம் மாற்றவில்லை. கந்தன் என்ற பெயரில் இழிவு இல்லை. அதை நறுக்கிய எண்ணத்திலேயே இழிவு இருந்தது. ஆசிரியராகி, அதே பெயரைக் கரும்பலகையில் எழுதி, அதே ஊரின் பிள்ளைகளைக் கொண்டு மரியாதையுடன் சொல்லவைத்தோம். அப்பு அதைக் கண்ணால் கண்டே மறைந்தார்.

பெயர்கள் நீண்டது தானாக நிகழ்ந்ததன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஏட்டிலிருந்த அச்சட்டத்தை வீதிக்குக் கொணர்ந்தது 1966 ஒக்டோபர் 21இன் எழுச்சியும், அதன் பின் தேநீர்க்கடைகளிலும் மாவிட்டபுரம் கோவில் வாயிலிலும் நடந்த போராட்டங்களுமே. பாடசாலையில் நிலத்திலிருந்து வாங்குக்கு ஏறிய பிள்ளை, தன் மகனுக்குப் பெயரிடும்போது எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதன்பின் நிகழ்ந்தது உன்னிப்பாக நோக்கத்தக்கது. கந்தசாமி எல்லாருக்கும் உரியதானதும், மேல்நிலையிலிருந்தோர் கந்தசாமியைக் கைவிட்டு வடமொழியின் புதிய பெயர்களுக்குத் தாவினர். லீபர்சன் கூறும் ரசனையின் ஓட்டம் இங்கேயும் உண்டு. ஆயின் அது ஓடுவதற்கு முன் ஒரு மதிலை இடிக்கவேண்டியிருந்தது.

பெயரை அளந்தவர் உள்ளூரார் மட்டுமல்லர். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற மாணவர் பலருக்கு, கடல்கடந்து பொருளுதவி செய்த அமெரிக்கரின் விருப்பப்படி ஆங்கிலப் பெயர்கள் சூட்டப்பட்டன. தொல்காப்பியத்தைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் முன்னெழுத்துகளோடு சாள்ஸ் வின்ஸ்லோ என்னும் பெயரும் ஒட்டிக்கொண்டது அவ்வழக்கத்தாலேயே. சோறிட்டவன் பெயரிட்டான்.

மலையகத்தில் இவ்வுண்மை இன்னும் கசப்பான வடிவம் பெற்றது. தோட்டத்தில் ‘பேர்’ என்பதற்கு ஒருநாள் வேலை என்றும் பொருள். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’தான். மனிதரின் பெயரே கூலியின் அலகாயிற்று. முனியம்மாவும் கருப்பாயியும் செக்றோலில் ஒருவிதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டனர். பிறமொழி எழுத்தில் எழுதிய கைக்கு அது சிறு பிழை. ஆனால் ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் சென்ற முதிய தாய்க்கு, ‘நீ நீயல்ல’ என்ற தீர்ப்பு.

மொழியுணர்ச்சியும் பெயர்களை மாற்றியது. வேதாசலம் மறைமலையான வரலாறு யாவரும் அறிந்தது. தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் எழுப்பிய அலை பாக்குநீரிணையைக் கடந்து வந்தது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் தமிழ்ப் பெயரிடுதல் இங்கே ஒரு மறுமொழியாகவும் ஆயிற்று. இடதுசாரிகள் லெனின் என்றனர். தமிழ்நாட்டில் 1953 மார்ச்சில், சோவியத் தலைவர் ஸ்ராலின் மறைந்த அவ்வாரத்தில், மு. கருணாநிதி தம் மகனுக்கு அப்பெயரையே இட்டார். ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும்: மகனுக்கு லெனின் எனப் பெயரிட்டு, அவனுக்குப் பெண் தேடும்போது சாதி விசாரித்த தோழர்களையும் நாம் கண்டிருக்கிறோம். பெயர் ஒரு பிரகடனம். பிரகடனம் மட்டும் புரட்சியாகாது.

பெயர் உயிரைக் காத்ததும் பறித்ததும் உண்டு. 1983 யூலையில் தெருவில் நிறுத்தப்பட்டவனிடம் முதலில் கேட்கப்பட்டது பெயரே. சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிய கைகள் நடுங்கியதும் அதிலிருந்த பெயரை எண்ணியே. பிள்ளைக்குத் தமிழன் என்று புலப்படாத பெயரைத் தேடிய பெற்றோரைக் கோழைகள் என்று நாம் இகழமாட்டோம். அந்த அச்சத்தை விதைத்தவர்களே விடை கூறவேண்டியவர்கள்.

இனி, இன்றைய பொருளற்ற பெயர்களுக்கு வருவோம். பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தைச் சோதிடர் தருகிறார். எண்சாத்திரக்காரர் கூட்டிக் கழித்து ஓரெழுத்தைச் சேர்க்கிறார். இருவரும் காசு பெறுகின்றனர். புலம்பெயர்ந்தோர் அந்நியர் நாவுக்கு எளிதான குறும்பெயரை நாடுகின்றனர். இவற்றுள் முதலாவது மூடநம்பிக்கையின் வாணிபம். அதனைத் தயக்கமின்றிக் கண்டிப்போம்.

எனினும் அப்பெயர்களையே பழிப்பவரோடு நாம் சேரமாட்டோம். பழைய பெயர்கள் யாவும் பொருள் நிறைந்தவையே. சின்னான் என்ற பெயருக்கும் பொருள் இருந்தது. அதைச் சுமந்தவன் அப்பொருளின் பாரத்தால் குனிந்தான். இன்று ஒரு வகுப்பின் வரவு இடாப்பை வாசிக்கும் ஆசிரியரால், பெயரைக் கொண்டு எந்தப் பிள்ளை எந்தக் குறிச்சி என்று பிரித்தறிய இயலாது. பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டுள்ளது. பொருளற்ற பெயருக்குக் கடந்தகாலம் இல்லை. கடந்தகாலத்தால் மிதிக்கப்பட்டவருக்கு அது இழப்பன்று. செந்தமிழ்ப் பெயர் இடுவோர் இடுக. அதனை நாமும் விரும்புகிறோம். ஆனால் அது விருப்பமாக இருக்கட்டும், அளவுகோலாக வேண்டாம்.

இதனால் சாதி ஒழிந்தது என்று எவரும் மயங்கவேண்டாம். பெயர் சொல்லாததை மணமகள் தேவை விளம்பரம் கேட்கிறது. கோவில் உபயகாரர் பட்டியல் காட்டுகிறது. காணி உறுதி உரத்துச் சொல்கிறது. பெயரில் கிடைத்த சமத்துவம் நிலத்திலும் வழிபாட்டிலும் மணவறையிலும் இன்னும் கிடைக்கவில்லை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரிய நண்பர்களுக்கும், நாளை நிற்கப்போகும் மாணவ நண்பர்களுக்கும் நமது வேண்டுகோள் ஒன்றே: உங்கள் பாடசாலையின் பழைய சேர்விடாப்பை எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அரசர் வரலாற்றைப் படிப்பதற்கு முன், தம் பாட்டன்மாரின் பெயர்கள் ஏன் குறுகியிருந்தன என்று அவர்கள் கேட்கட்டும்.