ஓனோன் ஆற்றங்கரையில் ஒரு சிறுவன்... ‘மங்கோல்’ படம் காட்டாத செங்கிஸ்கான் மண்!

கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி. தூரத்தில் பனி மூடிய மலைகள். கழுத்தில் கனமான மரப்பலகை பூட்டப்பட்ட ஒரு சிறுவன். 2007-ல் வெளியான ‘மங்கோல்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலகை மறந்திருக்காது. செங்கிஸ்கானாக மாறுவதற்கு முந்தைய தெமுஜினின் கதை அது. படம் முடிந்ததும், ‘ஒருமுறையாவது மங்கோலியா போய்ப் பார்த்துவிட வேண்டும்’ என்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

ஆனால், திரையில் விரிந்த அந்த நிலம் மங்கோலியா இல்லை!

ரஷ்ய இயக்குநர் செர்கெய் போத்ரோவ் படத்தை எடுத்தது பெரும்பாலும் சீனாவில் இருக்கும் உள் மங்கோலியாவிலும் கஜகஸ்தானிலும்தான். தெமுஜினாக நடித்த தடனோபு அசானோ ஜப்பானியர். நண்பனாக இருந்து எதிரியாக மாறும் ஜமுகாவாக மிரட்டிய சுன் ஹொங்லெய் சீனர். மனைவி போர்த்தேயாக வந்த குலான் சுலூன் மட்டும் மங்கோலியப் பெண். 2008 ஆஸ்கரில் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவின் இறுதிப் பட்டியலுக்கு வந்தபோதும், அது கஜகஸ்தான் அனுப்பிய படம்தான்.

அப்படியென்றால் தெமுஜின் நிஜமாகவே பிறந்து, பசித்து, ஓடி ஒளிந்த மண் எங்கே இருக்கிறது?

சிலையைத் தாண்டினால்தான் ஊர்

மங்கோலியாவில் இறங்கும் விமான நிலையத்துக்கே செங்கிஸ்கான் பெயர்தான். கையில் வாங்கும் பெரிய நோட்டுகளிலும் அவர் முகம்தான். தலைநகர் உலான்பாத்தரில் இருந்து கிழக்கே 54 கி.மீ போனால், குதிரை மேல் அமர்ந்த அவரது 40 மீட்டர் உயரச் சிலை. 2008-ல் திறக்கப்பட்டது. 250 டன் துருப்பிடிக்காத எஃகு. குதிரையின் உடலுக்குள்ளேயே ஏறிப்போய் அதன் தலையில் நின்று சுற்றிலும் பார்க்கலாம். சுற்றுலா வருபவர்களில் பலர் இங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

சிலை பார்ப்பது கிழக்குத் திசையை. அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். கென்டீ மாகாணத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டி இருக்கும் தாதல். நாள் முழுக்க வண்டி ஓட வேண்டும். தார்ச்சாலை முடிந்த பிறகு மண்தடம்தான் வழி.

படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே முதல் ஆச்சர்யம் மரங்கள். ஊரைச் சுற்றிப் பைன் காடு. புரியாத் இன மக்கள் கட்டிய மரவீடுகள். ஒரு பக்கம் ஓனோன் ஆறு, இன்னொரு பக்கம் பல்ஜ் ஆறு. விருந்தாளிக்கு முதலில் கிடைப்பது பால் கலந்த தேநீர். சர்க்கரை போட மறந்துவிட்டார்களோ என்று நினைத்துவிட வேண்டாம்... அதில் போடுவதே உப்புதான்!

ஊருக்கு அருகே டெலூன் போல்டோக் என்ற சிறு குன்று. தெமுஜின் பிறந்தது இங்கேதான் என்று கல் நட்டிருக்கிறார்கள். அதே பெயரில் இன்னோர் இடத்தைக் காட்டி, ‘அவர் பிறந்தது எங்கள் பக்கம்தான்’ என்று எல்லைக்கு அந்தப்புறம் ரஷ்யாவிலும் சொல்கிறார்கள்.

தாதலில் குன்றைவிட அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1962-ல் எழுப்பப்பட்ட வெள்ளை நிற நினைவுச்சின்னம். அது செங்கிஸ்கானின் 800-வது பிறந்த ஆண்டு. நாடு சோவியத் பிடியில் இருந்த காலம். மாஸ்கோவுக்கு செங்கிஸ்கான் என்றாலே ஆகாது; ரஷ்யாவை அடக்கி ஆண்ட பரம்பரையின் மூதாதை அல்லவா! நினைவுச்சின்னம் எழுந்தது, தபால்தலையும் அச்சானது. எதிர்ப்பு வந்ததும் தபால்தலைகள் திரும்பப் பெறப்பட்டன. விழாவை முன்னின்று நடத்திய ஆட்சிக்குழு உறுப்பினர் தொமூர் ஒச்சிர் பதவியை இழந்தார். சின்னத்தை மட்டும் யாரும் இடிக்கவில்லை. இன்று நோட்டில் இருக்கும் முகத்தை அன்று ஒரு தபால்தலையில்கூட விட்டுவைக்க முடியவில்லை.

அந்த அம்மா இல்லையென்றால்...

தெமுஜினின் இளமையைச் சொல்லும் மூலநூல், 13-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘மங்கோலியர்களின் ரகசிய வரலாறு’. அதைப் படித்துவிட்டு ஓனோன் கரையில் நின்றால் கதையே வேறு மாதிரி தெரிகிறது.

தெமுஜினுக்கு ஒன்பது வயதில் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், அப்பா யெசுகெயிக்கு விஷம் வைத்துக் கொன்றார்கள் தாத்தாரியர்கள். கூட இருந்த கூட்டம் குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டுக் கிளம்பியது. கால்நடை இல்லாத குடும்பத்துக்குப் புல்வெளியில் பிழைப்பு கிடையாது. அம்மா ஹோயலுன் ஓனோன் கரையோரம் ஓடி ஓடிக் காட்டுப் பழம் பறித்தாள். குச்சியால் கிழங்கு தோண்டினாள். பிள்ளைகள் ஊசியை வளைத்துத் தூண்டில் செய்து மீன் பிடித்தார்கள். காடும் ஆறும் இல்லாத இடமாக இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் முதல் குளிர்காலத்தையே தாண்டியிருக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் குளிர் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும்.

பசி எந்த அளவுக்குப் போனது என்றால், பிடித்த மீனைப் பறித்துக்கொண்டான் என்ற கோபத்தில் மாற்றாந்தாய் மகன் பெக்தேரை தெமுஜின் அம்பெய்து கொன்றான். பெற்ற தாயே அவனைச் சபித்துக் கத்தினாள். படம் இந்தக் கொலையைத் தொடவே இல்லை. கதாநாயகன் மீது அனுதாபம் குறைந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். அதற்குப் பதில் தாங்குத் நாட்டுச் சிறையில் அவர் கிடந்ததாக ஒரு நீண்ட பகுதி வருகிறது. ரகசிய வரலாற்றில் அது கிடையாது.

மரப்பலகை மட்டும் நூலிலேயே இருக்கிறது. ஒரு பௌர்ணமி விருந்து இரவில், காவலுக்கு நின்றவனை அந்தப் பலகையாலேயே அடித்துவிட்டு ஓடிய சிறுவன், ஓனோன் தண்ணீருக்குள் முகம் மட்டும் தெரியப் படுத்துக்கொண்டான். தேடி வந்தவர்களில் சோர்கான் ஷிரா என்பவர் பார்த்துவிட்டார். காட்டிக் கொடுக்கவில்லை. பிறகு கம்பளி ரோமம் ஏற்றிய வண்டிக்குள் அவனை ஒளித்து வைத்ததும் அவர் குடும்பம்தான்.

சேறு காப்பாற்றிய கதை

ஓனோன் பிறக்கும் கென்டீ மலைத்தொடரில்தான் புர்கான் கால்துன் மலை நிற்கிறது. 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்த புனித மலை. மெர்கித் கூட்டம் போர்த்தேயைத் தூக்கிச் சென்ற நாளில் தெமுஜின் ஒளிந்தது இங்கே. துரத்தியவர்கள் மலையை மூன்று முறை சுற்றியும் சேற்றையும் அடர்ந்த காட்டையும் தாண்டி உள்ளே போக முடியவில்லை. அவர்கள் போன பிறகு இறங்கி வந்தவன், இடுப்புக் கச்சையைக் கழுத்தில் போட்டு, சூரியனை நோக்கி ஒன்பது முறை வணங்கினான். தினமும் இந்த மலையைக் கும்பிடுவேன் என்று வாக்குக் கொடுத்தான். படத்தில் அவர் ஓநாயின் முன் மண்டியிடும் காட்சியைவிட இது எளிமையானது, ஆனால் கூடுதலாக உலுக்குகிறது.

வழக்கப்படி பெண்கள் இந்த மலை உச்சிக்கு ஏறுவதில்லை, அடிவாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். அம்மாவும் மனைவியும் இல்லாமல் இந்தக் கதையே இல்லை எனும்போது, இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

போக நினைப்பவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான் தோதான காலம். தாதலுக்கும் இந்த மலைக்கும் ஒரே பயணத்தில் போவதென்றால் ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும். மலை இருப்பது கடும் பாதுகாப்புக்கு உட்பட்ட வனப்பகுதி என்பதால் முன் அனுமதி அவசியம். மழை பெய்த மறுநாள் என்றால் ஓட்டுநர் பேச்சைக் கேட்டு ஒரு நாள் காத்திருப்பது நல்லது. மெர்கித் குதிரைகளை நிறுத்திய அதே சேற்றில்தான் இன்று நான்கு சக்கரமும் சுழலும் ஜீப்புகள் அச்சு வரை புதைந்து நிற்கின்றன.